ஒரு சிறு சங்கம் நன்கொடை பெறத் தகுதியாவது எப்படி? பதிவிலிருந்து முதல் நிதி வரை

2024 மார்ச் முதல் வாரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பிரிவிலிருந்து எங்களைத் தொலைபேசியில் அழைத்தார்கள். தருமபுரி வட்டாரத்து நடுகற்களை, அதாவது வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, நாங்கள் மைப்படி எடுத்து (கல்லில் உள்ளதைத் தாளில் மையால் ஒற்றி எடுத்து) ஆவணப்படுத்துவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். 4 லட்சம் ரூபாய் தர விருப்பம் என்றார்கள். "உங்கள் 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 எண்களை இன்று மாலைக்குள் அனுப்புங்கள்" என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. முதல் இரண்டும் வரிச்சலுகைக்கான வருமான வரிப் பதிவுகள்; மூன்றாவது நிறுவன நிதி பெறுவதற்கான பதிவு. சங்கத்தைப் பதிவு செய்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவர்கள் கேட்ட மூன்றில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. மார்ச் 31 கடந்தது. அந்தப் பணம் வேறோர் அமைப்புக்குப் போனது. அதே கோடையில், நாங்கள் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்த நடுகல் ஒன்று சாலை விரிவாக்கத்தில் உடைந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அலைந்து எல்லாவற்றையும் பெற்றோம். ஊர் வரலாறு, பறவைக் கணக்கெடுப்பு, வானியல், மரபு விதை, நாட்டுப்புறக் கலை என எந்தத் துறையை வளர்க்க நீங்கள் சங்கம் தொடங்கினாலும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகக் கூடாது என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. வேறு மாநிலத்தவர்களுக்கு முதல் இரண்டு படிகள் மாறும்; மற்றவை பொருந்தும்.

1. சங்கமா, அறக்கட்டளையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அறக்கட்டளைக்கு இரண்டு பேர் போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் முடிந்தது. கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இலாப நோக்கற்ற நிறுவனமாகவும் பதியலாம். ஆனால் ஆண்டுதோறும் ஆடிட்டருக்கும் கம்பெனிச் செயலருக்கும் ஆகும் செலவைச் சிறிய குழு தாங்காது. சங்கத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். நன்கொடையாளர்கள் மூன்றையும் ஏற்கிறார்கள்.

நான் சங்கத்தையே பரிந்துரைப்பேன். ஒரு துறையை வளர்க்க உறுப்பினர்கள் வேண்டும், சந்தா வேண்டும், தேர்தல் வேண்டும். அறக்கட்டளையில் எல்லாம் அறங்காவலர் கையில் இருக்கும். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் நாளை பொறுப்புக்கு வர வழி குறைவு. பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்கிற பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் தயங்காமல் சங்கமாகப் பதியுங்கள்.

2. விதிமுறைகளை வேறு சங்கத்திடமிருந்து நகல் எடுக்காதீர்கள்

பதிவு நடப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ். மாவட்டப் பதிவாளர்தான் அதிகாரி. விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளம் வழியே போகிறது. கட்டணமும் அங்கேயே தெரியும். பெரிய தொகை இல்லை. தேவையானவை: சங்கக் குறிப்பாணை, பைலா என்று எல்லோரும் சொல்கிற விதிமுறைகள், உறுப்பினர் பட்டியல், செயற்குழுப் பட்டியல், ஒவ்வொருவரின் அடையாளச் சான்று, அலுவலக முகவரிக்கு ஆதாரம். முகவரி வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணையில்லாக் கடிதம், மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இதே தாள்களை வங்கியும் பின்னர் கேட்கும்.

பெரும்பாலானோர் இந்தப் படியை இரண்டு வாரத்தில் கடந்துவிட நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். தட்டச்சுக் கடையில் இருந்த பழைய பைலா ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிப் பதிந்தோம். அதில் "உறுப்பினர்களின் நலனுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும்" என்று ஒரு வரி இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வருமான வரி விண்ணப்பத்தில் அந்த ஒரு வரிதான் எங்களை உட்கார வைத்தது. உறுப்பினர் நலனுக்கான சங்கம் வரித்துறையின் கணக்கில் அறப்பணி அமைப்பு ஆக முடியாது. பொதுக்குழுவை மீண்டும் கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, திருத்தத்தைப் பதிவு செய்த பிறகுதான் அடுத்த அடி வைக்க முடிந்தது.

ஆகவே இவற்றை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நோக்கங்கள் பொதுமக்களுக்கானவை என்று தெளிவாக இருக்க வேண்டும். எந்தச் சாதிக்கோ சமயத்துக்கோ மட்டும் பயன் என்று பொருள்படும் சொல் ஒன்றுகூட வரக்கூடாது. வந்தால் 80ஜி கிடைக்காது.

வருமானமும் சொத்தும் நோக்கத்துக்கே செலவாகும், உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்கப்படாது என்று ஒரு விதி.

சங்கம் கலைக்கப்பட்டால் எஞ்சும் சொத்து இதே நோக்கமுள்ள, வரிவிலக்குப் பதிவு பெற்ற வேறு அமைப்புக்குப் போகும் என்று ஒரு விதி.

செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். இது சட்டமே சொல்வது.

வங்கிக் கணக்கை இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு நடத்துவார்கள் என்று ஒரு விதி.

இவற்றைவிட முக்கியமானது நோக்கத்தின் வகை. வருமான வரிச் சட்டம் அறப்பணியைச் சில வகைகளாகப் பிரிக்கிறது: வறியோர்க்கு உதவி, கல்வி, மருத்துவம், யோகா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள சின்னங்கள், இடங்கள், பொருள்களின் பாதுகாப்பு. கடைசியாக 'பிற பொதுப் பயன்பாடு' என்று ஒரு பொதுப் பெட்டி. அந்தப் பெட்டியில் விழும் சங்கம் கட்டணம் வாங்கி வணிகத் தன்மையுள்ள சேவை செய்தால், அந்த வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த ஆண்டின் விலக்கு போய்விடும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். புத்தகம் விற்கிற, பயிலரங்குக்குக் கட்டணம் வாங்குகிற சங்கங்கள் சிக்குவது இங்கேதான்.

எனவே "தமிழர் பண்பாட்டை வளர்த்தல்" என்று அகலமாக எழுதாமல், "நடுகல், கல்வெட்டு முதலிய வரலாற்று மதிப்புள்ள பொருள்களைப் பாதுகாத்தல், ஆவணப்படுத்தல்" என்று உண்மையான வேலையை எழுதுங்கள். பறவைச் சங்கம் என்றால் "நீர்நிலை, காடு, காட்டுயிர் பாதுகாப்பு". செய்கிற வேலையின் பெயரைச் சொல்லி எழுதுவது அழகுக்காக அல்ல. அது உங்கள் வரி வகையைத் தீர்மானிக்கிறது.

விதிமுறைகளைத் தமிழில் எழுதிப் பதியலாம், பதிய வேண்டும் என்பது என் கருத்து. கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைச் செயலர் கையெழுத்துடன் தயாராக வைத்திருங்கள். வருமான வரிப் போர்ட்டலும் நிறுவனங்களும் அதைக் கேட்கும்.

பெயர் வைக்கும்போது 'தேசிய', 'இந்திய', 'அரசு' போன்ற சொற்களைத் தவிருங்கள். அரசுத் தொடர்பு இருப்பதுபோல் தோன்றும் பெயர் திருப்பி அனுப்பப்படும்.

3. பான் எண்ணும் வங்கிக் கணக்கும்

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே சங்கத்தின் பெயரில் பான் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். எங்களுக்கு 107 ரூபாய் ஆனது. இரண்டு வாரத்தில் வந்தது.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல். தருமபுரி என்பதைச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பானில் வேறு விதமாகவும் எழுதிவிட்டால் வங்கி, அடுத்த படியில் வரும் தர்ப்பண் போர்ட்டல், வருமான வரி என ஒவ்வோர் இடத்திலும் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பும். சான்றிதழில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள்.

இன்னொன்று, மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும். விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. அதன் விலையை 5-ஆம் படியில் சொல்கிறேன். சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியைப் பதிவுக்கு முன்பே தொடங்குங்கள்; கடவுச்சொல் செயலர், பொருளாளர் இருவரிடமும் இருக்கட்டும்.

வங்கிக்கு: பதிவுச் சான்றிதழ், விதிமுறைகள், பான், கணக்குத் தொடங்கும் செயற்குழுத் தீர்மானத்தின் நகல், கையெழுத்திடுவோரின் பான், ஆதார். கிளைக்குக் கிளை கேட்பது மாறும். தீர்மானத்தின் வாசகத்தை வங்கியிடமே மாதிரி வாங்கி அதன்படி எழுதுங்கள். ஒரு நடை மிச்சம். கணக்குத் தொடங்கும் வரை யாருடைய சொந்தக் கணக்கிலும் நன்கொடை வாங்காதீர்கள். நல்லெண்ணத்தில் பொருளாளர் தன் கணக்கில் வாங்கிய 30,000 ரூபாயை விளக்க நாங்கள் எழுதிய கடிதங்கள் ஏழு.

4. தர்ப்பண் பதிவும் முதல் ஆண்டுக் கணக்கும்

நிதி ஆயோக் நடத்தும் என்.ஜி.ஓ. தர்ப்பண் போர்ட்டலில் பதிவு செய்து அடையாள எண் வாங்குங்கள். கட்டணம் இல்லை. நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்கள் வேண்டும். அரசு நிதி எதற்கும் இந்த எண் அடிப்படை. வங்கிகளும் இப்போது இதைப் பார்க்கின்றன. தரகர்கள் இதற்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஒரு மாலைப்பொழுதில் நீங்களே செய்யலாம்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: முதல் ஆண்டிலிருந்தே கணக்கைத் தணிக்கை செய்யுங்கள். வரவு வெறும் 12,000 ரூபாய் சந்தாவாக இருந்தாலும் சரி. "இவ்வளவு சின்னத் தொகைக்கு ஆடிட்டர் எதற்கு?" என்று நாங்கள் விட்டுவிட்டோம். நிறுவனம் கேட்பதும் வருமான வரித்துறை கேட்பதும் மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்குகளைத்தான். கடந்துபோன ஆண்டுகளுக்குப் பின்னால் போய்க் கணக்கு எழுதுவது நரக வேதனை. பஸ் டிக்கெட், மைப்படித் தாள் வாங்கிய ரசீது, உணவு விடுதிச் சீட்டு என எல்லாம் மங்கி எழுத்தே தெரியாத நிலையில் இருந்தன.

சிறு சங்கத்தின் தணிக்கைக்கு எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்குச் செய்து தரும் ஆடிட்டர் கிடைத்தார். நகரத்தில் கூடலாம். மூன்று பேரிடம் விசாரியுங்கள். "அறக்கட்டளை, சங்கக் கணக்குகள் எத்தனை பார்க்கிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். வணிகக் கணக்கு மட்டும் பார்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கைக் கணக்கை நிறைவேற்றி, நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளருக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். விட்டால் தாமதக் கட்டணம் சேரும். அதைவிட மோசம், நிர்வாகிகள் மாறியது பதிவாளர் ஏட்டில் ஏறாமல் நின்றுவிடும். ஏட்டில் இல்லாத தலைவரின் கையெழுத்தை வங்கி ஏற்காது.

பண ஏடு, ரசீதுப் புத்தகம், தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ஒவ்வொரு களப்பயணத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு. இந்த ஐந்தும் போதும். களக்குறிப்பில் தேதி, ஊர், வந்தவர்கள், செய்த வேலை, செலவு, இரண்டு படங்கள். பின்னாளில் 'செயல்பாட்டு அறிக்கை' என்று எல்லோரும் கேட்பது இதைத்தான்.

5. 12ஏ, 80ஜி: பொறுமை கேட்கும் படி

12ஏ உங்கள் சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை. இரண்டும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி உத்தரவு. ஒன்று வந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நம்பியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் கூலி மட்டும்தான். எங்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் ஆனது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நாங்கள் விண்ணப்பித்தது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 12ஏபி, 80ஜி பிரிவுகளில். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய சட்டத்தில் பதிவு 332-ஆம் பிரிவில், நன்கொடைச் சலுகைக்கான ஒப்புதல் 354-இல், கொடுப்பவரின் கழிவு 133-இல் இருக்கின்றன. ஆனால் ஆடிட்டர்களும் நிறுவனங்களும் இன்னும் பழைய பெயர்களையே சொல்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். படிவ எண்ணை மட்டும் யார் சொன்னதையும் நம்பாமல், தாக்கல் செய்யும் அன்று போர்ட்டலில் பாருங்கள்.

இப்போது பாதை. வேலை தொடங்காத புதிய சங்கத்துக்குத் தற்காலிகப் பதிவு உண்டு. அது 3 ஆண்டுக்குச் செல்லும். விசாரணை அதிகம் இல்லாமல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வந்துவிடும். பிறகு முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்: தற்காலிகப் பதிவு முடிவதற்கு 6 மாதம் முன்பு, அல்லது வேலை தொடங்கிய 6 மாதத்துக்குள், எது முந்தையதோ அதற்குள். இந்த 'எது முந்தையதோ' என்பதைப் படிக்காமல் மூன்றாம் ஆண்டு வரை காத்திருந்து பதிவை இழந்தவர்கள் உண்டு.

ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சங்கத்துக்குத் தற்காலிகப் பதிவு கிடையாது. 2023 அக்டோபர் முதல் நேரடியாக முறையான பதிவுக்கே போக வேண்டும். போர்ட்டலில் இதற்கென்று தனி உட்பிரிவுக் குறியீடு உண்டு. அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். தகுதி இல்லாமல் அல்ல, தவறான கட்டத்தைச் சொடுக்கியதால்.

எங்களுக்கு நடந்தது இதுதான். எங்களுக்காகத் தாக்கல் செய்தவர் தவறான குறியீட்டைப் போட்டார். அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அது பான் விண்ணப்பத்தின்போது கொடுத்த மின்னஞ்சலுக்குப் போனது. அந்த மின்னஞ்சல் கடையை மூடிவிட்டுப் போன ஒருவருடையது. பதில் தராததால் நிராகரிப்பு உத்தரவு வந்தது. அதையும் நாங்கள் மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தோம். விண்ணப்பித்த பிறகு வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை என்று வைத்துக்கொண்டு, போர்ட்டலுக்குள் நீங்களே போய் 'நடவடிக்கைகள்' பகுதியைத் திறந்து பாருங்கள். ஆடிட்டர் பார்ப்பார் என்று விடாதீர்கள். பதில் தரக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான்.

நாங்கள் இரண்டாம் முறை இணைத்தவை: பதிவுச் சான்றிதழ், விதிமுறைகள், திருத்தத்தின் பதிவு, பான், தர்ப்பண் எண், மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, ஆண்டுவாரியாகச் செயல்பாட்டுக் குறிப்பு, வங்கி அறிக்கை, நிர்வாகிகளின் விவரம், அலுவலக முகவரிச் சான்று, களப்பணிப் படங்கள், ஊராட்சித் தலைவர்களும் நில உரிமையாளர்களும் தந்த கடிதங்கள். இந்தக் கடிதங்கள் மிகவும் உதவின. உண்மையில் வேலை நடந்திருக்கிறது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. செலவுச் சீட்டுகளையும் படங்களையும் ஒரே தேதி வரிசையில் அடுக்குங்கள்.

காலம்: விண்ணப்பித்த காலாண்டு முடிந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும். ஜூலையில் விண்ணப்பித்தால் செப்டம்பர் முடிவிலிருந்து எண்ண வேண்டும். அதாவது மார்ச் இறுதி வரை ஆகலாம். நிறுவனங்களின் நிதி மார்ச்சோடு மூடிவிடும் என்பதால் ஏப்ரல்–ஜூனுக்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

உத்தரவு வருவதற்கு முன் ரசீதில் '80ஜி உண்டு' என்று அச்சிடாதீர்கள். வந்த பிறகு, உத்தரவில் உள்ள காலாவதித் தேதியை இரண்டுக்கும் தனித்தனியே குறித்து வைத்து, 6 மாதத்துக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

6. ஊர்க்காரர்களிடமும் நண்பர்களிடமும் வாங்கும்போது

80ஜி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு "உங்களுக்குப் பாதி வரிக்கழிவு" என்று எல்லோரிடமும் சொல்லாதீர்கள். கொடுத்த தொகையில் 50 விழுக்காடு கழிவு என்பது பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே. அதிலும் வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. இன்று இயல்பாக அமைந்திருக்கும் புதிய முறையில் தனிநபருக்கு இந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. உண்மையைச் சொல்லி வாங்கிய பணம்தான் அடுத்த ஆண்டும் வரும்.

ஒவ்வொரு ரசீதிலும் பெயர், முகவரி, பான் வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் அதற்கு 30 விழுக்காடு வரி. உண்டியல் வைக்கும் எண்ணம் இருந்தால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

நிரந்தர வைப்பு நிதிக்காக ஒருவர் கொடுத்தால், "இதை மூலதன நிதியாக வைத்து வட்டியை மட்டும் செலவிடவும்" என்று அவரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வரவு. அதில் 85 விழுக்காட்டை அதே ஆண்டில் செலவிட வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

மாநாட்டு மலரில் விளம்பரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். கொடுத்தவரின் பெயரை நன்றியுடன் கல்வெட்டிலோ பலகையிலோ போடுவது நன்கொடை. அவருடைய வணிகத்தைப் புகழ்ந்து பக்கம் போட்டால் அது விளம்பரச் சேவை; ஜி.எஸ்.டி. கேள்வி எழும். 2019 அக்டோபர் சுற்றறிக்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறது.

7. வெளிநாட்டுத் தமிழர்கள் தர முன்வந்தால்

இங்கே தவறினால் அபராதத்தோடு நிற்காது. குற்ற வழக்கு வரை போகலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சென்னைக்கு வந்து ரூபாய் நோட்டாகவே நீட்டினாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

அந்தப் பதிவுக்கு 3 ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். கடந்த 3 நிதியாண்டுகளில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். எங்களைப் போன்ற சிறு சங்கத்துக்கு இப்போதைக்கு எட்டாது. கனடாவில் இருக்கும் என் பால்ய நண்பர் அன்போடு அனுப்ப வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. அவர் வருத்தப்பட்டார். அதற்குப் பதிலாகத் தருமபுரியில் இருக்கும் தன் தம்பியை உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். தம்பி தன் சம்பளத்திலிருந்து சந்தா கட்டுகிறார்; அண்ணன் அனுப்பும் பணம் இதில் சேரவில்லை என்பதில் இருவரும் கவனமாக இருக்கிறார்கள். நீங்களும் அப்படியே இருங்கள்.

8. நிறுவன நிதி: சி.எஸ்.ஆர்.

கம்பெனிச் சட்டம் 2013, 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய் உள்ள நிறுவனம், முந்தைய 3 ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 5 கோடி இலாபம் என்பதைக் கவனியுங்கள். ஓசூர், கோவை, திருப்பூர்ப் பக்கம் பெயர் பரவலாகத் தெரியாத எத்தனையோ நடுத்தர நிறுவனங்கள் இதற்குள் வருகின்றன. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எனவே பெரும் பெயர்களைத் துரத்தாமல் உங்கள் மாவட்டத் தொழிற்பேட்டையில் இருந்து தொடங்குங்கள்.

சங்கத்துக்கு வேண்டியவை மூன்று: 12ஏ, 80ஜி, அதே வகை வேலையில் 3 ஆண்டு அனுபவம். பிறகு சி.எஸ்.ஆர்-1 படிவத்தைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் போர்ட்டலில் தாக்கல் செய்தால் பதிவு எண் வரும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். கட்டணம் இல்லை. நிர்வாகி ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றொப்பமும் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துக்கு எங்களுக்கு 2,000 ரூபாய் ஆனது.

திட்டத்தை எழுதும்போது உங்கள் பணி சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் எந்த இனத்தில் வருகிறது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். மரபுச் சின்னம், கலை, பண்பாடு, பொது நூலகம் ஆகியவை 5-ஆம் இனம். சுற்றுச்சூழல் 4-ஆம் இனம். நிறுவனத்தில் அதைப் படிப்பவருக்கு நடுகல் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு கல்லின் படம், அதன் எழுத்து, இன்று அது கிடக்கும் இடம், அடுத்த ஓராண்டில் நீங்கள் செய்யப்போவது, அதற்கு ஆகும் செலவு என இரண்டு பக்கத்தில் முடியுங்கள். நாங்கள் முதலில் அனுப்பிய 34 பக்கத் திட்டத்துக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

செலவுப் பட்டியலில் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். மைப்படித் தாள், மை, தூரிகை, வாடகை வண்டி, ஒளிப்படம், ஆவணப்படுத்தும் இளைஞர்களுக்கு மதிப்பூதியம், அச்சு, ஆடிட்டர் கட்டணம். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று சில அதிகாரிகள் சொல்வார்கள். அந்த 5 விழுக்காடு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செலவிடும் தொகைக்கான வரம்பு. உங்கள் களப்பணியாளரின் ஊதியத்துக்கானது அல்ல. மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். இளைஞர்களை இலவசமாக உழைக்கவிட்டுத் துறையை வளர்க்க முடியாது.

ஒரு நாள் மாநாடு, விருது விழா, போட்டி போன்றவற்றுக்கு இந்த நிதியைக் கேட்காதீர்கள். ஒற்றை நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. வரலாற்றுக் கருத்தரங்கு என்றால் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவி உண்டு. கலை சார்ந்த ஆய்வுக்குப் பெங்களூருவில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நிதி தருகிறது. அறிவிப்பு வந்தபின் எழுதத் தொடங்கினால் நேரம் போதாது; இப்போதே தாள்களைத் தயார் செய்யுங்கள்.

நேரம் இங்கே மிக முக்கியம். ஏப்ரல் முதல் ஜூலை வரை நிறுவனங்கள் ஆண்டுத் திட்டத்தை முடிவு செய்யும். அப்போது போய்ப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மிச்சமான பணத்துக்கு அவசரமாக ஆள் தேடுவார்கள். தாள்கள் தயாராக இருந்தால் அப்போது கிடைக்கும். எங்களை அழைத்தது அப்படி ஒரு மார்ச்சில்தான்.

9. பணம் வந்த பிறகு

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்றைப் பாருங்கள்: தவணைகள் எப்போது, எடுக்கும் படங்களும் மைப்படிகளும் யாருக்குச் சொந்தம், செலவாகாத பணத்தை எப்போது திருப்ப வேண்டும். இரண்டாவதில் எங்களுக்கு வந்த வரைவு எல்லாவற்றையும் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தது. "படிகள் சங்கத்திடமும் பொதுப் பயன்பாட்டுக்கும் இருக்கும்" என்று மாற்றக் கேட்டோம். ஒரே நாளில் ஒப்புக்கொண்டார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் துறையின் அனுமதி இல்லாமல் மைப்படி எடுக்கக்கூடாது. அந்த அனுமதிக்கான காலத்தையும் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

வந்த தொகைக்குத் தனிப் பேரேடு வையுங்கள். திட்டம் முடிந்ததும் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள். 80ஜி நன்கொடைகளின் பட்டியலை ஆண்டுதோறும் மே 31-க்குள் போர்ட்டலில் ஏற்றி, கொடுத்தவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும். 10பிடி, 10பிஇ என்று பழைய எண்களில் இவற்றைக் குறிப்பிடுவார்கள். நாங்கள் தாக்கல் செய்த ஆண்டில் தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் இருந்தது. தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, வரிக் கணக்குக்கு அக்டோபர் 31 என்ற தேதிகளைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.

எங்களுக்கு முதல் தவணை 2026 மார்ச் 19-ஆம் தேதி வந்தது: 2,40,000 ரூபாய். அந்த வாரமே மைப்படித் தாள் வாங்கினோம். செங்கம் பக்கத்து வயல் ஒன்றில் பாதி புதைந்து கிடந்த நடுகல்லின் பக்கத்தில், நில உரிமையாளரின் கடிதம் கையில் இருக்க, சம்பளம் பெறும் இரண்டு இளைஞர்கள் தாளை நனைத்து ஒட்டினார்கள்.